மொரஓயாவின் சனத்தொகை

மொரஓயா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் நல்லமுத்துவைத் தெரியாத ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஊருக்கு வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். அவருக்கும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அறுபத்தொரு வயது, ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கக்கத்தில் பஸ் நேரம் எழுதும் ஒரு நீட்டுக் கொப்பி. அந்த உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் எப்படி வருகிறது என்று டாக்டர்மார்தான் சொல்ல வேண்டும்.

அவருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. அதாவது, தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. டயகம பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வார். டயகமையில் இன்றைக்கு மழையா என்று கேட்டாலும் சொல்வார். மழை பெய்ததா இல்லையா என்பது வேறு விஷயம்.

மொரஓயா எந்த மாதிரி ஊர் என்று சொல்லிவிடுகிறேன். ஹட்டனிலிருந்து பூண்டுலோயாப் பக்கம் போகிற பாதையில், ஆற்றை ஒட்டி ஒரே ஒரு நீளமான தெரு. ஒரு வரிசைக் கடைகள் மலைக்கு முதுகைக் காட்டி நிற்கும், மறு வரிசை ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும். ஆற்றுப் பக்கக் கடைக்காரர்கள் குப்பையைத் தூக்கிக்கொண்டு தூரம் போகத் தேவையில்லை, பின்கதவைத் திறந்தால் போதும். கோயில், பௌத்தப் பன்சல, பள்ளிவாசல், சேர்ச் நாலும் கூப்பிடு தூரத்தில். கடந்த ஐந்தாறு வருஷத்தில் ஊர் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது. ஏசி போட்ட சுப்பர் மார்க்கெட் ஒன்று வந்தது. அந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நாலு டியூஷன் வகுப்புகள், மூன்று போன் கடைகள், இரண்டு பியூட்டி பாலர் வந்தன. நடுச்சந்தியில் நாலு முகம் வைத்த மணிக்கூட்டுக் கோபுரமும் வந்தது. நாலு முகமும் நாலு நேரம் காட்டியதால், ஊர்ச்சனம் பழையபடி நல்லமுத்துவின் கைக்கடிகாரத்தையே நம்பி வாழ்ந்தது.

நல்லமுத்து இதை டவுன் என்று சொல்லமாட்டார். 'நம்ம சிட்டி' என்பார். புதிதாக ஒரு கடைக்குத் தகரம் அடித்தால்கூட அன்று சாயந்தரமே வீட்டில் அறிக்கை வாசித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருப்பது அவர் மனைவி பேச்சியம்மா ஒருத்திதான். முப்பத்திரண்டு வருஷம் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, தோட்டத்தில் பேர் வெட்டி வேலையை விட்டு நிற்கிறவள். அறிக்கையை முழுவதும் கேட்டுவிட்டு, சரி, கால் கழுவிட்டுச் சாப்பிட வாங்க என்பாள்.

அவள் அந்தச் சிட்டியில் கால் வைத்து மூன்று வருஷமாகிறது. இத்தனைக்கும் அவர்கள் குடியிருக்கும் லயம், தோட்டத்து வரிசை வீடு, ஆற்றுக்கு அக்கரையில்தான். வாசலில் நின்றால் பஸ் ஸ்டாண்ட் தெரியும், நல்லமுத்து கையை வீசி வீசிக் கூவுவது தெரியும். நடுவில் ஒரு தொங்கு பாலம். வெள்ளைக்காரன் காலத்துக் கம்பி, அதன்மேல் பலகைகள். அதைத் திருத்த வேண்டியது பிரதேச சபை என்று தோட்டம் சொல்லும், தோட்டம் என்று சபை சொல்லும். பக்கக் கம்பியில் பாதி அறுந்து ஆற்றோடு போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முந்தி, சந்தையில் வாங்கிய பலாப்பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சியம்மா வரும்போது ஒரு பலகை உடைந்து, வலது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. பலாப்பழம் ஆற்றில் விழுந்தது. பேச்சியம்மா விழவில்லை. ஆனால் அதிலிருந்து, பாலத்தில் முதல் பலகையை மிதித்தாலே அவள் கால் இரண்டும் மேற்கொண்டு நகர மறுத்துவிடும். மனசு போகலாம் என்னும், கால் மாட்டேன் என்னும்.

வேறு வழி இல்லாமலில்லை. தோட்டப் பாதையால் ஓட்டோவில் ஏழு கட்டை தூரம் சுற்றி வரலாம். அந்தப் பாதையில் ஒருதடவை போய்வந்து அவள் நாலு நாள் இடுப்பை அசைக்க முடியாமல் கிடந்தாள். மகள் நிலக்ஷியைக் கட்டிக்கொடுத்திருப்பது டிக்கோயாவில். பஸ்ஸில் ஏறினால் நாற்பது நிமிஷம். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததையும், நடை பழகியதையும் பேச்சியம்மா போனில்தான் பார்த்தாள். அதைப் பற்றி அவள் குறை சொன்னதில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம் நல்லமுத்துவுக்குத் தாங்காது. உனக்கு ஒரு பாலம் கொண்டு வராமல் விடமாட்டேன், பஸ்ஸே வந்து போகிற மாதிரிப் பாலம், என்று ஒவ்வொரு முறையும் சபதம் செய்வார்.

அந்த நேரத்தில்தான் ஆற்றங்கரை நகரங்களுக்கான அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்று வந்தது. டவுனையும் அதை நம்பி வாழும் தோட்டங்களையும் சேர்த்து இருபத்தையாயிரம் பேருக்கு மேல் இருந்தால் நடுத்தர நகரம். நடுத்தர நகரம் என்றால் வாகனப் பாலம் உண்டு. குறைந்தால் சிறுநகரம், அதற்குத் தண்ணீர் ஓடக் கான் கட்டுவது, ஏற்கெனவே இருக்கிறதைத் திருத்துவது போன்ற சில்லறை வேலைகள். நகரத்தின் விவரங்களைத் திரட்டிப் புத்தகமாகக் கொடுக்கும் வேலை, சபையில் புதிதாக வந்திருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் நிரூபாவின் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மலைக்கு வந்து எட்டு மாதம். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஊரைப் பற்றி யாரைக் கேட்கலாம் என்று விசாரித்திருக்கிறாள். பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

நல்லமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அரசாங்கம் தன் வாயைத் திறக்கச் சொல்வது இதுதான் முதல் தடவை, இதுவரை மூடச் சொல்லித்தான் பழக்கம். ஊரின் வரலாறு, வெள்ளம் வந்த வருஷங்கள், முதல் பஸ் வந்த நாள் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். கடைசியில் நிரூபா, இந்த டவுனுக்கு எந்தெந்தத் தோட்டத்துச் சனங்கள் வருகிறார்கள் என்று கேட்டாள். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் அடுக்கினார். நிரூபா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

இங்கேதான் கோளாறு நடந்தது. மலையில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் பெயர் இரண்டு. பெயர்ப்பலகையில் இருப்பது துரைமார் வைத்தது. சனங்களின் வாயில் இருப்பது சனங்கள் வைத்தது. கிளென்ஹில் என்று பலகையில் இருக்கும், லயத்தில் கேட்டால் பூசாரித்தோட்டம் என்பார்கள். ஹார்ட்வெல் என்றால் ஆனைக்கல். அதனால் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ்ஸுக்கு இரண்டு தரம் கூவ வேண்டும். வேட்டிக்கும் சேலைக்கும் ஆனைக்கல், போலீஸுக்கும் டீச்சருக்கும் சிங்கள ஆட்களுக்கும் ஹார்ட்வெல். இருபத்தொன்பது வருஷமாக அப்படிக் கூவியே பழகிய வாய், நிரூபாவின் முன்னாலும் அப்படியே கூவிவிட்டது. இருப்பது பதினோரு தோட்டம். அவள் தாளில் இறங்கியது இருபத்திரண்டு.

நிரூபாவும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்து ஆபீசான கந்தோர்களுக்கு எழுதி ஆட்கணக்குக் கேட்டாள். பதினோரு தோட்டத்துக்குக் கணக்கு வந்தது. மற்றப் பதினொன்றுக்கும் கந்தோரே கிடைக்காததால், நல்லமுத்து கொடுத்த நம்பர்களுக்கு அடித்துத் தோட்டத் தலைவர்மாரிடம் கேட்டு வாங்கினாள். கந்தோர் தன்னிடம் பேர் பதிந்திருப்பவர்களின் குடும்பங்களை மட்டும் எண்ணும். தலைவர்மார் லயத்தில் இருக்கிற அத்தனை தலைகளையும் எண்ணுவார்கள். ஆகவே எந்த இரண்டு எண்ணும் ஒன்றுபோல் வரவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. டவுனையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் நாற்பதாயிரத்து ஐந்நூறு. மொரஓயா நடுத்தர நகரமாகிவிட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முதல் வேலையாக வாகனப் பாலம்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியை நிரூபா நல்லமுத்துவின் கையில் கொடுத்து, பிழை இருந்தால் பார்க்கச் சொன்னாள். நன்றி என்று போட்ட பக்கத்தில் அவர் பெயரும் இருந்தது. பிழை பார்க்கவா அவருக்கு நேரம்? தன் பெயரையே நாற்பது தடவை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேச்சியம்மாவை உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அவள் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பாலம் வருகிற பக்கத்தை அவர் இரண்டு முறை வாசித்தார். அப்போது அவள் கை நின்றது. நிஜமாகத்தானா என்று கேட்டாள். புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்றார். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, உலகத்திலேயே தன்னை மிஞ்சிய புருஷன் இல்லை என்று நல்லமுத்து அந்தக் கணத்தில் முடிவு செய்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தோட்டப் பட்டியலையும் வாசித்தார். கிளென்ஹில், ஆயிரத்து நானூற்று முப்பது பேர். ஹார்ட்வெல், ஆயிரத்து அறுநூறு. அப்படியே பக்கத்தைத் திருப்பி, பூசாரித்தோட்டம், ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு பேர்.

"இருங்க. கிளென்ஹில்லும் பூசாரித்தோட்டமும் ஒண்ணுதானே? நம்ம தோட்டந்தானே அது?" என்றாள் பேச்சியம்மா.

நல்லமுத்து பக்கத்தை முன்னுக்குத் திருப்பினார், பின்னுக்குத் திருப்பினார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினோரு தோட்டமும் இரண்டு இரண்டாக அவரைப் பார்த்து இளித்தன. முதலில் அது அப்படித்தான், அரசாங்கக் கணக்கு நமக்கு விளங்காது என்று சமாளித்துப் பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை, பாலம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். யாருக்காக இதெல்லாம், உனக்காகத்தானே என்றும் சொன்னார். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"இந்த லயத்துல நான் ஒருத்திதாங்க இருக்கேன். ரெண்டு பேச்சியம்மான்னு பொய் எழுதி வந்த பாலத்துல நான் எப்படிங்க நடப்பேன்? அந்தப் புள்ள வேற புது வேலைக்கு வந்திருக்கு. நாளைக்கு யாராச்சும் கண்டுபுடிச்சா அதத்தானே கேப்பாங்க."

ஊர் வாயை அடைக்கிற மனிதர் அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்கவில்லை. தன் வாயை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, மத்தியானம் பார்த்த அந்தச் சிரிப்பைத் தானே அழிக்கப்போகிறோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைப் பஸ்ஸை அனுப்பிவிட்டு நேரே சபைக்குப் போனார். வழி முழுக்க ஒத்திகை பார்த்த வசனம் நிரூபாவின் மேசைக்கு முன்னால் மறந்துபோயிற்று.

"மிஸ், உங்க புத்தகத்துல பதினோரு தோட்டம் கூடுதலா இருக்குங்க. பஸ்ஸுக்குக் கூவுற மாதிரியே உங்கக்கிட்டயும் கூவிப்புட்டேன்," என்றார்.

அவர் விளக்கி முடிக்கும்வரை நிரூபா பென்சிலால் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பதினோராவது கோட்டில் பென்சில் முனை உடைந்தது. கோபப்படுவாள் என்று நல்லமுத்து எதிர்பார்த்தார். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகிறதுக்குப் பதிலாகச் சிலர் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"நான் நீங்கள் சொன்னதிலை ஒண்டையும் விடக்கூடாதெண்டு கவனமா எழுதினனான் ஐயா," என்றாள். பிறகு, வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், அதற்குள் ஒழுங்காக எண்ணிவிடுவோம் என்று எழும்பினாள்.

கந்தோர்க் கணக்கா, தலைவர்மார் கணக்கா, எது சரி என்று அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நாலு நாளும் காலைப் பஸ்களை அனுப்பிவிட்டு நல்லமுத்து அவளைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினார். கடைசியாக அவருடைய லயம். தொங்கு பாலத்தைப் பார்த்ததும் சமதரையில் பிறந்த நிரூபா, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நல்லமுத்துவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி, பலகைக்கு ஒரு பிள்ளையார் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து சேர்ந்தாள். பேச்சியம்மா ஓடிவந்து கையைப் பிடித்து உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். பயந்த ஆளின் வலி பயந்த ஆளுக்குத்தானே தெரியும்.

தேத்தண்ணி குடித்துவிட்டு நிரூபா கந்தோர்ப் பட்டியலில் இந்த வீட்டைத் தேடினாள். இல்லை. இரண்டு தரம் தேடினாள், இல்லவே இல்லை. பேச்சியம்மா பேர் வெட்டி மூன்று வருஷம், நல்லமுத்து தோட்டத்தில் வேலை செய்ததே இல்லை, ஆகவே கந்தோரைப் பொறுத்தவரை இந்த வீட்டில் ஆட்களே கிடையாது. ஊரை இரண்டு மடங்காக்கிக் கொடுத்த மனிதர் கந்தோர்க் கணக்கில் ஒரு தடவைகூட எண்ணப்படவில்லை. லயத்தில் முக்கால்வாசி வீட்டில் இப்படி ஒருவரோ இருவரோ இருந்தார்கள். தலைவர்மார் கணக்குத்தான் உண்மை என்று நிரூபா எழுதிக்கொண்டாள். அதையும் டவுனையும் கூட்டினால் இருபத்துமூவாயிரத்து அறுநூறு. நடுத்தர நகரத்துக்கு ஆயிரத்து நானூறு பேர் குறைவு. வாகனப் பாலம் போய்விட்டது.

படிவத்தில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அபிவிருத்தியில் இந்தக் குடும்பம் எதிர்பார்ப்பது என்ன? நல்லமுத்துவுக்கு உடனே உயிர் வந்துவிட்டது. எழுதுங்க மிஸ், இரண்டு பஸ் எதிரும் புதிருமாகப் போகிற அகலத்துக்கு என்று தொடங்கினார்.

"அம்மா சொல்லட்டும் ஐயா," என்றாள் நிரூபா.

பேச்சியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு பஸ் போற பாலமெல்லாம் எதுக்கு மிஸ்? நானு என்னா பஸ்ஸா? ரெண்டு பக்கமும் புடிச்சிக்கிற மாதிரி கம்பி போட்டு, ஒடஞ்ச பலகையை மாத்திக் குடுத்தாப் போதும். நான் நடந்துருவேன்."

நல்லமுத்து அவளையே பார்த்தார். மூன்று வருஷமாகச் சபதம் செய்தார். திட்டம் போட்டார், மந்திரிமாருக்கு மனு எழுதினார். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள் அவளிடம் கேட்டிருக்கலாம். ஊர் பூராவுக்கும் பதில் வைத்திருந்தவருக்கு, வீட்டில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் இதை முந்தியே சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் பேசி முடித்தால்தானே, என்றாள்.

சிறுநகரத்துக்குக் கிடைக்கிற சில்லறை வேலைகளில் தொங்கு பாலத்தைத் திருத்துவது முதலாவதாக எழுதப்பட்டுப் போயிற்று. டவுனில் கடைக்காரர்கள் கொஞ்ச நாள் நல்லமுத்துவைக் கரித்துக் கொட்டினார்கள். வந்த சிட்டியை வாயால் கெடுத்தவன் என்றார்கள். கொண்டு வந்ததும் அதே வாய்தானே என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. தை பிறந்து இரண்டாவது கிழமை, இரும்புக்காரர்கள் வந்து பாலத்துக்கு இருபக்கமும் இடுப்பளவு கம்பி அடித்து, புதுப் பலகை போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நல்லமுத்து கூவிக்கொண்டிருந்தபோது, பாலத்தில் மயில்கழுத்துச் சேலை ஒன்று தெரிந்தது. பாதித் தோட்டத்தின் பெயரோடு அவர் குரல் நின்றுவிட்டது. அவள் இரண்டு கையாலும் இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பலகை வைத்து, நின்று, மறு பலகை வைத்து வந்தாள். பழைய பலகை உடைந்த இடத்தில் அதிக நேரம் நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாமா என்று நல்லமுத்து தவித்தார். வேண்டாம் என்று தோன்றியது, நின்றார். அவள் காலைத் தூக்கி வைத்தாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தவள் டவுனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். கோபுரத்தின் நாலு மணியையும் பார்த்தாள். மூன்று வருஷ அறிக்கையோடு ஒத்துப் பார்த்திருப்பாள் போல, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக்கோயா பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் பேரப்பிள்ளைக்கு முறுக்குப் பை. நல்லமுத்து ஜன்னலுக்குக் கீழே வந்து, எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் ரோட்டைக் கடப்பது, திரும்பி வர எந்தப் பஸ் என்று அடுக்க ஆரம்பித்தார். சாரதி இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டான்.

"மூணு வருஷமா ஊரு பூராவையும் இங்கேருந்து ஏத்தி அனுப்புனீங்க," என்றாள் பேச்சியம்மா. "வாசல்ல நின்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்காச்சும் எனக்கு விசில் ஊதுங்க."

நல்லமுத்து விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினார், பஸ் புறப்பட்டது.